கூப்பிட்டால் ஐந்து குறையும்

இன்டர்ன் தோ இன்சு பதினேழாம் கேஸை அறுபத்துமூன்று தடவை ஆடியிருந்தான். அறுபத்துமூன்று தடவையும் நோயாளி பிழைத்திருந்தார். கடைசி நாற்பது ஆட்டங்களில் நூற்றுக்கு நூறு.

கில் ஹேஜின் அந்தப் பட்டியலையும் மதிப்பெண் அட்டவணையையும் இரண்டு பிரதி அச்செடுத்தாள். ஒன்று விசாரணைக் குழுவுக்கு. மற்றது எதற்கு என்று அவளுக்கே தெரியவில்லை. இரண்டையும் பையில் வைத்தாள்.

‘முதல் மணி நேரம்’ என்ற அந்த இணைய விளையாட்டுக்கு நிரல் எழுதியது சியோலில் ஒரு கம்பெனி. நோயாளிகளை எழுதியது ஆஸ்பத்திரியில் இன்டர்ன்களுக்குப் பயிற்சி தரும் டாக்டரான ஹேஜின். முப்பத்திரண்டு பேர். ஒவ்வொருவருக்கும் வயது, தொழில், வலி, டாக்டரிடம் மறைக்கிற விஷயம் எல்லாம் அவள் கொடுத்தவை. புதிதாகச் சேரும் இன்டர்ன்கள் வார்டில் கால் வைக்கும் முன் இந்த முப்பத்திரண்டு பேரையும் கணினித் திரையில் காப்பாற்ற வேண்டும். வருஷ முடிவு மதிப்பீட்டில் அதற்குப் பத்து சதவீதம். எவனுக்குத் தோல் துறை, எவனுக்கு எலும்புத் துறை என்பதை அந்தப் பத்து தீர்மானித்துவிடும். அதனால் சோறு தண்ணி மறந்து ஆடினார்கள். இன்சு அந்த வருஷ வரிசையில் முதலிடம்.

பதினேழாம் கேஸ் பித்தப்பை எடுத்த மறுநாள் நடக்கும். நோயாளியின் முகம் வெளுக்கும், நாடி ஓடும், ரத்த அழுத்தம் இறங்கும். தையல் போட்ட வயிற்றுக்குள் ரத்தம் கசிந்துகொண்டிருக்கும். மறுபடி திறந்தால் பிழைப்பார்.

சூசொக் அறுவடைப் பண்டிகையன்று மதியம் இரண்டேகாலுக்கு ஏழாம் மாடியில் இதுவே நடந்தது. நோயாளி பெயர் பியோ சாங்கில். அறுபத்திரண்டு வயது. மோக்போ படகுத்துறையில் டிக்கெட் கிழிக்கிறவர். பண்டிகை முடியட்டும் என்று தள்ளிப்போட முடியாமல் முந்தின நாள் பித்தப்பையை எடுத்திருந்தார்கள். வார்டில் டாக்டர் என்று இருந்தது இன்சு ஒருவன்தான்.

இன்சு திகைக்கவில்லை. இரண்டு கையிலும் ஊசி ஏற்றினான். சலைனைத் திறந்துவிட்டான். ரத்தம் எடுத்து அனுப்பினான். ஏற்றுவதற்கு ரத்தம் ஒதுக்கச் சொன்னான். இசிஜி எடுத்தான், சிறுநீர்க் குழாய் போட்டான். நெஞ்சுக்கு எக்ஸ்ரே, வயிற்றுக்கு ஸ்கேன் எழுதினான். விளையாட்டில் இந்த எட்டும் நான்கு நிமிஷம். பண்டிகை நாளில் ஏழாம் மாடியில் அறுபத்தெட்டு நிமிஷம். எட்டும் முடிந்த பிறகு மூன்று இருபத்துமூன்றுக்கு அறுவைத் துறைப் புரொபசரைக் கூப்பிட்டான். புரொபசர் இருபத்தைந்து நிமிஷத்தில் வந்தார். ஐந்து பத்துக்கு பியோ சாங்கில் மேஜையிலேயே இறந்தார்.

செவிலியர் குறிப்பேட்டில் ஒரு வரி இருந்தது. ‘14:40. புரொபசரைக் கூப்பிடச் சொன்னேன். இன்டர்ன் பதில்: இன்னும் மூணு பாக்கி இருக்கு.’

விசாரணை வியாழக்கிழமை. இன்சு தன் வாக்குமூலத்தில், ‘முதல் மணி நேரம் கற்றுத்தந்த வரிசைப்படி செய்தேன்’ என்று எழுதியிருந்தான். அது உண்மையா சாக்கா என்று குழு தீர்மானிக்க வேண்டும். சாக்கு என்றால் அவனுக்கு இன்டர்ன் சான்றிதழ் கிடையாது. இறந்தவரின் குடும்பம் போலீசுக்குப் போனால் அந்தத் தீர்மானம்தான் முதல் காகிதமாகப் போகும். மதிப்பெண் அட்டவணையோடு வரச் சொல்லி ஹேஜினுக்குக் கடிதம் வந்திருந்தது.

அட்டவணையில் பதினேழாம் கேஸுக்கு நேரே ஒரு வரி: எட்டு முடியும் முன் மேலதிகாரியைக் கூப்பிட்டால், மைனஸ் ஐந்து.

*

முதலில் அது பிளஸ் ஐந்து.

மூன்று வருஷத்துக்கு முன், டிசம்பரில், பெரிய கூட்ட அறையில் விளையாட்டை ஆடிக் காட்டினாள். அறுவைத் துறைத் தலைவர் மா தொக்சு தானே சுட்டியை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். பின்னால் இருபது பேர். பதினேழாம் கேஸ். அவர் எடுத்ததும் கூப்பிடு பொத்தானை அமுக்கினார். திரையில் இருந்த புரொபசர் முதல் மணியடிப்பிலேயே போனை எடுத்து, ‘சொல்லு, வர்றேன்’ என்றார். மேலே பச்சையில் ஐந்து ஏறியது.

“யாருய்யா இவன்? வீடு வாசல் கிடையாதா இவனுக்கு? எடுத்த எடுப்புல வர்றேங்கறான்!”

எல்லோரும் சிரித்தார்கள்.

“இதுக்கு அஞ்சு பாயின்ட் வேற. போன வாரம் எனக்கு எத்தனை போன் வந்துச்சு தெரியுமா? நாற்பத்தொண்ணு. ஒருத்தன் நோயாளிக்கு மூணு நாளா வெளிக்குப் போகலைன்னு கூப்பிடறான். நான் பாத்ரூம்ல இருக்கேன். எனக்கும்தான் போகலைன்னேன்.”

சிரிப்பு அடங்க நேரமானது. ஹேஜினும் சிரித்தாள். அதில் பொய் இல்லை. அறுவைத் துறையில் ரெசிடென்ட் என்று யாரும் சேர்ந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. இன்டர்னுக்கும் புரொபசருக்கும் நடுவில் ஆளே இல்லை. அவருக்கு ஐம்பத்தேழு வயது. மூன்று நாளைக்கொரு நாள் டியூட்டி.

“முதல்ல அவனவன் வேலையை முடிச்சுட்டுக் கூப்பிடட்டும். அதுக்கு முன்னாடி கூப்பிட்டா குறைங்க.”

“எவ்வளவு குறைக்கட்டும் புரொபசர்?”

“கதை எழுதறது நீங்க. என்னைக் கேக்கறீங்க?”

கூட்டம் முடிந்த கையோடு ஹேஜின் அட்டவணையைத் திறந்தாள். கூட்டல் குறியை அழித்துக் கழித்தல் குறி போட்டாள். ஐந்தை மாற்றவில்லை. பிப்ரவரியில் அவளுடைய ஒரு வருஷ ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று யாராலும் சொல்ல முடியாது. அவளும் தனக்குத்தானே சொல்லிக்கொண்டதில்லை.

மாற்றம் செய்த தேதி, நேரம், பெயர் எல்லாம் கணினியில் பதிந்திருந்தன. பெயர் கில் ஹேஜின். கூட்டத்தில் யார் என்ன சொன்னார்கள் என்பது எங்கேயும் பதியவில்லை.

*

ஏழாம் மாடி மூத்த செவிலி போங் மியோங்சுக் காபி எந்திரத்தின் பக்கத்தில் நின்று செருப்பைக் கழற்றிக் கால் விரல்களை அமுக்கிக்கொண்டிருந்தாள். இருபத்திரண்டு வருஷமாக அதே மாடி. ஹேஜின் இன்டர்னாக வந்த காலத்திலிருந்து அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். தனியாக இருந்தால் மட்டும்.

“அந்தப் பையன் சாப்பிடறானா?” என்றாள் மியோங்சுக்.

“தெரியல அக்கா.”

“நான் ரெண்டு தடவை சொன்னேன். கூப்பிடுங்க டாக்டர், கூப்பிடுங்கன்னு. என் முகத்தைக்கூடப் பார்க்கல. ‘சிஸ்டர், இன்னும் மூணு பாக்கி’ங்கறான். பரீட்சை ஹால்ல பெல் அடிக்கப்போற மாதிரி எழுதிக்கிட்டே இருக்கான். அந்த மனுஷன் அவன் சட்டையைப் பிடிச்சு, தம்பி, குளிருதுங்கறாரு. ‘இதோ ஐயா, இதோ முடிஞ்சுது’ன்னு அவருக்குச் சமாதானம் வேற.”

“நீங்களே கூப்பிட்டிருக்கலாமே அக்கா.”

கேட்டிருக்கக் கூடாது. கேட்ட பிறகுதான் தெரிந்தது.

மியோங்சுக் செருப்பை மாட்டிக்கொண்டாள். “இருபத்திரண்டு வருஷத்துல டாக்டரைத் தாண்டி நாலு தடவை கூப்பிட்டிருக்கேன். நாலு தடவையும் திட்டு எனக்குத்தான். அதுல ஒரு தடவை இன்டர்ன் யாரு? நீங்கதான். மூணு நாள் என்கூடப் பேசல நீங்க. மறந்துட்டீங்களா?”

ஹேஜின் மறக்கவில்லை.

“வியாழக்கிழமை என்ன சொல்லப்போறீங்க?”

“இருக்கறதைச் சொல்லுவேன்.”

“இருக்கறது நிறைய இருக்கு” என்றாள் மியோங்சுக். “எதைன்னு கேட்டேன்.”

*

செவ்வாய்க்கிழமை மா தொக்சு கூப்பிட்டனுப்பினார். அவர் அறையில் பண்டிகைக்கு வந்த பேரிக்காய்ப் பெட்டிகள் நாடா பிரிக்காமல் சுவரோரம் அடுக்கியிருந்தன. அவர் முகம் வீங்கியிருந்தது.

“உட்காருங்க, டாக்டர் கில். சாப்பிட்டீங்களா?”

“ஆச்சு, புரொபசர்.”

“நான் அன்னைக்கு அண்ணன் வீட்டுல இருந்தேன். அப்பாவுக்குப் படையல் முடிஞ்சு எல்லாரும் உட்கார்ந்திருந்தோம். அண்ணன் கோப்பையில ஊத்தி நீட்டினார். டியூட்டின்னு நான் தொடல. போனை மேஜை மேல, கண்ணு முன்னாடியே வெச்சிருந்தேன். முந்தின நாள் நான் வெட்டின வயிறு. மனசு அங்கதான் இருந்துச்சு. அது அடிக்கவே இல்ல.”

ஹேஜின் தலை குனிந்தாள்.

“நான் திட்டறவன்தான். இல்லேங்கல. ஆனா ஒருத்தன் கூப்பிட்டு நான் வராம இருந்தது உண்டா?”

“இல்ல, புரொபசர்.”

“ரெண்டரைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா மூணுக்குள்ள வயித்தைத் திறந்திருப்பேன். அந்த ஆள் இன்னைக்கு டிக்கெட் கிழிச்சுக்கிட்டிருப்பாரு.” அவர் குரல் கொஞ்சம் உடைந்தது. நடிப்பில்லை. “ஏன் கூப்பிடலன்னு கேட்டா விளையாட்டுல குறையுமாம். அப்படி ஒரு விதி இருக்கா?”

“இருக்கு.”

“நீங்க வெச்சதா?”

ஹேஜின் அவர் முகத்தைப் பார்த்தாள். அதில் எச்சரிக்கை இல்லை, கெஞ்சல் இல்லை. உண்மையாகவே தெரியாமல் கேட்டார். அந்த டிசம்பர் கூட்டம், இருபது பேர் சிரித்தது, எதுவும் அவருக்கு நினைவில்லை. அது அவர் போகிற போக்கில் சொன்னது. அப்படி அவர் ஒரு நாளைக்குப் பத்து சொல்வார்.

“நான்தான் வெச்சேன்” என்றாள்.

“ஏதாவது காரணத்தோடதான் வெச்சிருப்பீங்க. நீங்க யோசிக்காம செய்யற ஆள் இல்ல. அதைக் குழுகிட்ட எடுத்துச் சொல்லுங்க.” எழுந்து ஒரு பேரிக்காய்ப் பெட்டியைத் தூக்கி நீட்டினார். “எடுத்துட்டுப் போங்க. வீட்டுல யாரும் தொட மாட்டேங்கறாங்க.”

நீங்கள் சொல்லித்தானே என்பது தொண்டை வரை வந்தது. பெட்டி கனமாக இருந்தது. இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு குனிந்து வணங்கிவிட்டு வெளியே வந்தாள்.

அறைக்குத் திரும்பி, மாற்றங்களின் பதிவையும் அச்செடுத்தாள். அதன் அடியில் கையால் எழுதினாள்: டிசம்பர் கூட்டத்தில் அறுவைத் துறைத் தலைவர் சொன்னதன் பேரில். தேதி, கையெழுத்து. இரண்டாவது பிரதி எதற்கு என்று இப்போது தெரிந்தது. பதிவை அதோடு சேர்த்துப் பின் குத்தினாள்.

*

புதன்கிழமை மதியம் இன்சு அவளைத் தேடி வந்தான். வார்டுக்குள் போக அவனுக்குத் தடை. அதனால் பயிற்சிக் கூடத்தில், ரப்பர் பொம்மைகள் படுத்திருந்த கட்டில்களுக்கு நடுவில், ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். அவளைக் கண்டதும் எழுந்து இடுப்பு வரை குனிந்தான். இருபத்தாறு வயது. சட்டையைத் தானே தேய்த்திருக்கிறான். ஒரு கையில் மட்டும் மடிப்பு இரண்டாக விழுந்திருந்தது.

“சாப்பிட்டியா?”

“சாப்பிட்டேன், புரொபசர்.” பொய் என்று காய்ந்த உதடு சொன்னது.

“உட்காரு.”

உட்காரவில்லை. நோட்டு ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டான். “ஒரே ஒரு கேள்வி. அஞ்சு நிமிஷம்தான் ஆகும்.”

“கேளு.”

“பதினேழாம் கேஸ்ல, எட்டுக்கு முன்னாடி கூப்பிட்டா மைனஸ் அஞ்சு. அது ஏன்?”

ஹேஜின் பையின் வாரைத் தோளில் ஏற்றிவிட்டுக்கொண்டாள்.

“நான் குறை சொல்ல வரல, புரொபசர். தப்பா எடுத்துக்காதீங்க. நான் கட்டுரையெல்லாம் தேடிப் படிச்சேன். நம்ம ஊர், ஜப்பான், அமெரிக்கா. எல்லாத்துலயும் சீக்கிரம் கூப்பிடுன்னுதான் இருக்கு. நீங்க மட்டும் கூப்பிடாதேங்கறீங்க. மத்த முப்பத்தோரு கேஸ்லயும் உங்க கணக்கு ஒண்ணுகூடத் தப்பா இருந்ததில்ல. நான் சரி பார்த்திருக்கேன். அதனால எங்களுக்குத் தெரியாத ஏதோ ஒண்ணு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும்.”

“இன்சு.”

“காரணம் தெரிஞ்சாப் போதும். நான் எந்த இடத்துல தப்புப் பண்ணேன்னு கண்டுபிடிச்சுருவேன். இப்போ தூங்கப் போனா எட்டையும் வரிசையா ஓட்டிப் பார்க்கறேன். எங்க தப்புன்னே தெரிய மாட்டேங்குது. அவர் குளிருதுன்னு சொன்னப்ப நான் ஆறாவதுல இருந்தேன்.”

ஒரு பொம்மையின் நெஞ்சு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. யாரோ அணைக்காமல் போயிருந்தார்கள். ஹேஜின் போய் அதை அணைத்தாள். பை தோளில்தான் இருந்தது. பின் குத்திய காகிதத்தை எடுத்து அவன் கையில் கொடுத்தால் முடிந்தது. ஒரு புரொபசர் பாத்ரூமில் இருக்கும்போது போன் அடித்தது, இருபது பேர் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், அதுதான் காரணம் என்று சொல்ல வேண்டும். அவன் இதை நோட்டில் எழுதிக்கொள்வான்.

“அரைகுறையா தகவல் சொன்னா, மேல இருக்கறவர் அரைகுறையா முடிவெடுப்பார்” என்றாள்.

அவன் பேனாவை எடுத்தான்.

“போன்ல ஒருத்தர் நோயாளியைப் பார்க்க முடியாது. நீ சொல்றதுதான் அவருக்குக் கண்ணு. பாதியில கூப்பிட்டா பாதிதான் தெரியும். சாதாரணம்னு நெனச்சு, பார்த்துக்கோன்னு வெச்சிருவார். அப்புறம் ரெண்டாவது தடவை கூப்பிட உனக்குத் தயக்கம் வரும். அதுல இன்னும் நேரம் போகும்.”

“அப்படி நடந்திருக்கா?”

“நடந்திருக்கு.” ஒரு மூச்சு விட்டாள். “வேற ஆஸ்பத்திரியில. நான் ரெசிடென்டா இருந்தப்போ.”

அப்படி எதுவும் நடந்ததில்லை. முப்பத்திரண்டு நோயாளிகளை எழுதிய கை. முப்பத்துமூன்றாவது ஆள் தானாக வந்தார்.

இன்சு எழுதி முடித்து, அதையே ஒரு தடவை வாசித்துப் பார்த்தான். “அப்போ விதி சரி. எட்டும் சீக்கிரம் முடிஞ்சிருக்கணும். நான்தான் ஸ்லோ.”

“பண்டிகை நாள். லேப்ல ஒரே ஆள். ஸ்கேன் மெஷின் கீழ இருந்துச்சு.”

“இல்ல, புரொபசர். ஸ்கேனை நான் கடைசியில கேட்டேன். முதல்லயே கீழ சொல்லிட்டு மத்ததைச் செஞ்சிருக்கணும். அங்கதான்.” அவன் முகத்தில் ஏதோ தளர்ந்தது. பத்து நாளாகத் தேடிய சாவி கிடைத்தவன் போல. “அங்கதான் தப்பு. ரொம்ப நன்றி, புரொபசர்.”

மறுபடி இடுப்பு வரை குனிந்தான். நிமிர நேரமெடுத்துக்கொண்டான்.

இன்றைக்கு அவன் தூங்கட்டும், நாளைக்குக் குழுவில் எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன் என்று ஹேஜின் நினைத்துக்கொண்டாள். அப்படித்தான் நினைத்தாள்.

*

துணை இயக்குநர், ஆஸ்பத்திரி வக்கீல், செவிலியர் தலைவி, மா தொக்சு. எதிரே ஹேஜின். கதவோரம் தனி நாற்காலியில் இன்சு. ஒவ்வொருவர் முன்னாலும் தண்ணீர் பாட்டில். இன்சுவின் முன்னால் மேஜை இல்லை. அவன் பாட்டிலைத் தரையில் வைத்திருந்தான்.

தன்னைத்தான் முதலில் கேட்பார்கள் என்று ஹேஜின் நினைத்திருந்தாள். துணை இயக்குநர் வாக்குமூலத்தைப் புரட்டிவிட்டு இன்சுவிடம் திரும்பினார்.

“விளையாட்டுல கத்துக்கிட்ட வரிசைன்னு எழுதியிருக்கீங்க. என்ன அர்த்தம்? தப்பு விளையாட்டு மேலயா?”

இன்சு எழுந்தான். “இல்லை. அதை எழுதினப்போ எனக்கு விதியோட காரணம் தெரியல. நேத்து டாக்டர் கில் விளக்கினாங்க.”

“என்ன விளக்கினாங்க?”

அவன் நோட்டைப் பார்க்காமல் சொன்னான். அரைகுறைத் தகவல், அரைகுறை முடிவு. போனில் அவருக்கு நாம்தான் கண். இரண்டாவது தடவை கூப்பிடத் தயக்கம். வேறு ஆஸ்பத்திரியில் நடந்தது. ஒரு சொல் பிசகவில்லை. அவள் மூச்சு விட்ட இடத்தில் அவனும் நிறுத்தினான்.

“அந்த வரியை வாபஸ் வாங்கிக்கறேன்” என்றான். “விதி சரி. தாமதம் என்னோடது.”

வக்கீல் பேனாவை எடுத்தார். “விதி சரி, தாமதம் என்னோடது. இப்படியே எழுதிக்கலாமா?”

“எழுதிக்கலாம், சார்.”

மா தொக்சு மேஜைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஹேஜினைப் பார்த்து மெல்லத் தலையாட்டினார். அவர் கண்ணில் மரியாதை இருந்தது. காரணம் இருக்கும் என்று சொன்னேனே என்பது போல.

“டாக்டர் கில், அட்டவணை?”

ஹேஜின் எழுந்து முதல் பிரதியைக் கொடுத்தாள். துணை இயக்குநர் அந்த வரியில் விரலை வைத்துப் பார்த்துவிட்டு வக்கீலிடம் தள்ளினார்.

“நீங்க சேர்க்க வேண்டியது ஏதாவது?”

பை நாற்காலியின் காலோரம் இருந்தது. குனிந்தால் எடுக்கலாம். எடுத்தால் டிசம்பரிலிருந்து தொடங்க முடியாது. நேற்றிலிருந்து தொடங்க வேண்டும். இந்தப் பையனிடம் நேற்று நான் சொன்னது பொய் என்பதுதான் முதல் வாக்கியமாக இருக்கும். அதை அவன் முன்னால் சொல்ல வேண்டும். அவன் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். நிம்மதியாக இருந்தான். நன்றாகத் தூங்கியிருக்கிறான் என்பது முகத்தில் தெரிந்தது.

“இல்லை” என்றாள்.

இரண்டு மணி நேரம் ஒதுக்கியிருந்தார்கள். முப்பத்தைந்து நிமிஷத்தில் முடிந்தது.

ஏழாம் மாடியில் மியோங்சுக் மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். நடைவழியில் யாருமில்லை.

“சொன்னீங்களா?”

“இல்ல அக்கா.”

மியோங்சுக் வண்டியை நிறுத்தவில்லை. “சொல்லியிருந்தா அஞ்சு குறைஞ்சிருக்கும்ல” என்றாள்.

*

நவம்பர் நடுவில் பியோ சாங்கிலின் மகள் போலீசில் புகார் கொடுத்தாள். அதற்குள் இன்சு போயிருந்தான். சான்றிதழ் கொடுக்கவில்லை. அவன் சொந்த ஊர் ஏதோ தீவு என்று யாரோ சொன்னார்கள். வக்கீலிடமிருந்து ஹேஜினுக்கு இரண்டு வரியில் ஓர் உத்தரவு வந்தது. வழக்கு முடியும் வரை மதிப்பெண் அட்டவணையில் ஒரு புள்ளியைக்கூடத் தொடக் கூடாது. பணியில் இல்லாதவர்களின் கணக்கை இன்றைக்குள் நீக்க வேண்டும்.

அவள் பெயர்ப் பட்டியலைத் திறந்தாள். தோ இன்சுவின் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்தது. அவன் ஆடிக்கொண்டிருந்தான்.

பதினேழாம் கேஸ். விசாரணை நடந்த மறுநாளிலிருந்து நூற்றுப்பன்னிரண்டு ஆட்டம். ஒவ்வொன்றிலும் தொண்ணூற்றைந்து. அவள் மேலிருந்து கீழ் வரை பார்த்தாள். நூறு ஒன்றுகூட இல்லை.

பார்வையாளராக உள்ளே போக அவளுக்கு அனுமதி உண்டு. போனாள். நோயாளி வெளுத்த முகத்தோடு படுத்திருந்தார். ஆட்டம் தொடங்கி ஒரு விநாடிகூட ஆகவில்லை. நாடியைப் பார்க்கவில்லை, ஊசி போடவில்லை. கூப்பிடு பொத்தான் அமுங்கியது. மேலே சிவப்பில் ஐந்து இறங்கியது. ‘சொல்லு, வர்றேன்’ என்றார் திரையில் இருந்த புரொபசர். அதன் பிறகுதான் அவன் எட்டையும் ஒவ்வொன்றாகச் செய்தான். அவசரப்படவில்லை. நோயாளி பிழைத்தார். தொண்ணூற்றைந்து.

ஆட்டம் திரும்பத் தொடங்கியது. மறுபடி முதல் விநாடியில் அதே பொத்தான்.

ஹேஜின் இன்னொரு சாளரத்தில் அட்டவணையைத் திறந்தாள். அந்த வரி இருந்தது. கழித்தல் குறிக்குப் பக்கத்தில் கர்சரைக் கொண்டுபோய் வைத்தாள். ஒரு தட்டு. மாற்றினால் இன்றைய தேதியில், அவள் பெயரில், சாவுக்குப் பிறகு செய்த திருத்தமாகப் பதியும். கர்சர் கொஞ்ச நேரம் விட்டுவிட்டு எரிந்தது. சாளரத்தை மூடினாள்.

நிர்வாக அலுவலகத்திலிருந்து போன் வந்தது. “டாக்டர் கில், ஒரே ஒரு பேர்தான் பாக்கி. நீக்கிட்டீங்கன்னா நான் கிளம்பிருவேன்.”

“ஒரு நிமிஷம். ஆட்டத்துல இருக்கான்.”

“இருந்தா என்ன? அதுவா வெளிய தள்ளிரும்.”

அவள் காத்திருந்தாள். எட்டு முடிந்தது. தொண்ணூற்றைந்து. இப்போது நீக்கலாம் என்று கை போவதற்குள் அவன் அடுத்ததைத் தொடங்கிவிட்டான். இடையில் இடைவெளியே விடவில்லை. நோயாளி வெளுத்த முகத்தோடு படுத்திருந்தார். பொத்தான் அமுங்கியது.

‘இந்தப் பயனாளர் இப்போது ஆட்டத்தில் இருக்கிறார். நீக்கலாமா?’ என்று கணினி கேட்டது.

ஆம் என்பதை அமுக்கினாள்.

பச்சைப் புள்ளி அணைந்தது. அந்த வருஷ வரிசையில் இரண்டாமிடத்தில் இருந்த பெண் முதலிடத்துக்கு வந்தாள்.